வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்த மூங்கில்

நீர்வேலிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "மூங்கில்காரர் வீடோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். கேட்டவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் தங்களுக்குள் "பாடைத்தடி வீடு" என்பார்கள். இரண்டு பெயரும் எனக்குத் தெரியும். வல்வெட்டித்துறையில் கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான். கலியாணம் கட்டிப் போன ஊரில் எனக்கு இப்படியொரு பட்டம் கிடைக்கும் என்று என்னைப் பெற்றவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

பட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பனைக்குக் குறைவில்லை, மூங்கிலுக்குத்தான் பஞ்சம். இப்போது யார் செத்தாலும் பட்டினத்திலிருந்து பெட்டி வருகிறது. ஆனாலும் எங்கள் குறிச்சியில் பெட்டியை அப்படியே வாகனத்தில் ஏற்றுவதில்லை. பாடை கட்டி, அதில் வைத்து, தோளில்தான் சுடலைக்குக் கொண்டுபோவார்கள். அதற்குப் பச்சை மூங்கில் இரண்டு வேண்டும். நீளமாக, முற்றியதாக, வளையாததாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அப்படி நிற்பது எங்கள் காணியில் மட்டும்தான். ஊரில் ஒரு உயிர் போனால், பறைமேளம் தொடங்குவதற்கு முன்பே எங்கள் வாசற் படலையில் இரண்டு பேர் கத்தியோடு வந்து நிற்பார்கள். செத்தவீட்டுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. அதற்கென்று எதுவும் வாங்கவும் கூடாது. வெட்டிக்கொண்டு போகிறவர்களும் "போயிட்டு வாறம்" என்று சொல்லமாட்டார்கள். தடியைத் தோளில் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள்.

இந்த மூங்கில் இங்கே முளைத்ததல்ல. சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில், ஆற்றங்கரைக் காட்டை ஒட்டி ஒரு கொட்டிலில் கிடந்தோம். கொட்டிலுக்குப் பின்னால் பெரிய மருத மரங்கள். அவற்றின் நிழலில் மூங்கில் பற்றை பற்றையாக நின்றது. இவர் (என் கணவரைச் சொல்கிறேன்) அப்போது செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு இருப்பார். மற்ற ஆண்கள் வானொலிக்குக் காது கொடுத்த நேரத்தில் இவர் மூங்கில் குருத்துக்குக் கண் கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது சனம் சட்டி பானை கட்டிக்கொண்டு வந்தது. இவர் ஈரச் சாக்கில் ஒரு மூங்கில் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடியில் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்கள். ஏதோ அவித்துத் தின்கிற கிழங்கு என்று நினைத்துப் போகச் சொன்னார்கள். எனக்கு வந்த எரிச்சலில் நான் அதை அவித்தே கொடுத்திருப்பேன்.

என்னுடைய சீதன வீடு அந்தச் சண்டையில் கடற்கரையோடு போய்விட்டது. அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. அதனால் இவருடைய தாய் தகப்பனின் காணியில் இவருக்கு வந்த பங்கில், அண்ணனின் வளவுக்குப் பக்கத்தில், வீட்டைக் கட்டிக்கொண்டு இருந்தோம். நடுவில் பச்சைக் கிளைகளை நட்டு வளர்த்த ஒரு கதியால் வேலி. அண்ணனை நான் அத்தான் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். இவர் வாழை போட்டார், அத்தான் வெங்காயம் போட்டார்.

நீர்வேலியில் வாழை வைத்தவர்களுக்குத் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று என்றால் பயம். குலை தள்ளி நிற்கிற வாழையை அது இடுப்பில் முறித்துப் போடும். அந்தக் காற்றை மறிக்கத்தான் இவர் மூங்கிலைக் கொண்டுவந்தாராம். அத்தானின் வேலியோரமாக, கிழட்டு இலுப்பை மரத்துக்குக் கீழே கிடங்கு வெட்டினார். "மரத்துக்குக் கீழையே வைக்கிறியள்?" என்று கேட்டேன். "உது காட்டிலை நிழலுக்கை பிறந்தது. சின்னனிலை வெயில் காட்டினால் கருகிப்போம்" என்றார். வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்த அத்தான் சிரித்தார்.

"ஊரெல்லாம் புல்லுப் பிடுங்கி முறியுது. இவன் புல்லு நட நிக்கிறான்."

படித்தவர்கள் மூங்கிலைப் புல் இனம் என்று சொல்வார்கள். அத்தானும் படித்தவர்தான். அன்றைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நட்டது இவர் என்றாலும் பார்த்தது நான். கிழங்கைச் சரித்து வைத்து, பழைய சாணியும் இலுப்பைச் சருகும் போட்டு மூடி, ஆடு வாய் வைக்காமல் பனைமட்டையால் சுற்றி அடைத்தோம். செம்மண் தண்ணீரைக் குடிக்கும், வைத்திருக்காது. அதனால் வாழைக்குப் போகும் வாய்க்காலில் ஒரு கிளை பிரித்து அங்கே விட்டேன். முதல் வருசம் விரல் மொத்தத்தில் குச்சி குச்சியாக வந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று திட்டிக்கொண்டே தண்ணீர் விட்டேன். அதற்கடுத்த மாரியில் கைத்தடி மொத்தத்தில் வந்தது. பிறகு ஒரு ஐப்பசியில், மழை பெய்து ஓய்ந்த காலையில் போய்ப் பார்த்தால், சருகைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொம்பு மாதிரி ஒரு குருத்து நிற்கிறது. நேற்று இல்லை. பின்னேரம் பார்க்க இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. எனக்கே வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

மூங்கிலைப் பார்ப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கவனம்தான் வேண்டும். மாரியில் குருத்து வரும்போது கிட்டப் போய் மிதிக்கக் கூடாது. குருத்தைச் சுற்றியிருக்கும் மடலில் சுணை உண்டு. கையில் பட்டால் ஒரு கிழமைக்குச் சொறிய வேண்டும். அந்த வருசத்துத் தடி பார்வைக்குக் கொழுத்து நிற்கும், ஆனால் உள்ளே தண்ணீர். முற்றுவதற்கு மூன்று மாரி வேண்டும். வெட்டினால் நடுவில் நிற்கும் பழசைத்தான் வெட்ட வேண்டும். அதுவும் கணுவுக்கு ஒட்ட மேலே. இல்லாவிட்டால் அடிக்கட்டையில் மழைத்தண்ணீர் தேங்கி, அழுகல் கிழங்குக்கு இறங்கும். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரித்து உளுக்காது என்பார் இவர். சாவுக்குத் தேய்பிறை வளர்பிறை தெரியுமா என்பேன் நான். உளுக்குவதற்கு முன்னாலே அது எரிந்துவிடும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்ன உடனே மூங்கிலைப் பிள்ளையாக வளர்த்த கதை இது என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியில்லை. புல்லைப் பிள்ளை என்று கொஞ்ச எனக்கு விசர் இல்லை. எங்களுக்குப் பிள்ளை மாதிரி இருந்தது அத்தானின் ஒரே மகன். இவருக்குப் பெறாமகன். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்து அதற்குள்ளால் வந்து போவான். இவருடைய தோளில் ஏறித்தான் அவன் ஊரைப் பார்த்தான். படித்து, வவுனியாவில் ஒரு உத்தியோகத்துக்குப் போன பிறகும், லீவில் வந்தால் முதலில் சாப்பாடு கேட்டு எங்கள் குசினிக்குள்தான் வருவான். எங்களுக்குக் கொள்ளி வைக்கப் போகிறவன் அவன்தான் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பொட்டு ஒருநாள் அடைபட்டது. அதற்குக் காரணம் மூங்கில்.

முதலில் சின்னச் சின்ன முறைப்பாடுதான். இலை பறந்து கிணற்றுக்குள் விழுகிறது, வெங்காயப் பாத்திக்கு நிழல் கட்டுகிறது, பற்றைக்குள் பாம்பு கிடக்கிறது. அத்தான் சொல்வார், இவர் ஒன்றிரண்டு தடியைத் தறித்து விடுவார், அதோடு முடியும். ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஒழுங்கை. எங்கள் படலையிலிருந்து தெருவுக்குப் போக அத்தானின் படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊரில் எந்தச் சாவு நடந்தாலும் பாடைத்தடி அத்தானின் படலைக்கு முன்னால்தான் போகும். அத்தானுக்கு நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு தடி போனது. அக்கா வெளி விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

அன்று பின்னேரம் அத்தான் வேலியடிக்கு வந்தார்.

"தம்பி, உதை வெட்டி எறி. என்ரை படலையடியாலை ஒவ்வொரு நாளும் பாடைத்தடி போறதைப் பாக்க எனக்குச் சரிவரேல்லை."

"செத்தவீட்டுக்கு வந்து நிக்கிற சனத்தை என்னெண்டு அண்ணை போகச் சொல்லுறது?"

"மூங்கில் நிண்டால்தானே கேட்டு வருவினம்."

"உதைத் தறிச்சால் சோளகத்துக்கு என்ரை வாழை முழுக்கப் படுத்திடும்."

"அப்ப உனக்கு வாழைதான் பெரிசு" என்றார் அத்தான்.

இவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "இல்லை அண்ணை" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் இந்த வீட்டு ஆண்களுக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அத்தானுக்கும் அப்படித்தான். அடுத்த கிழமை கதியாலை நெருக்கிப் போட்டு, ஓலைக் கிடுகு வைத்து, பொட்டை அடைத்து விட்டார்கள். கதைபேச்சு நின்றது. பிறகு நன்மை தின்மைக்குப் போய்வருவதும் நின்றது. பெறாமகனின் கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. மண்டபத்திலிருந்து வந்த பாட்டுச் சத்தத்தை இவர் வாழைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு மூங்கிலுக்குத் தண்ணீர் விடவில்லை. கத்தி கையில் கிடைத்திருந்தால் நானே வெட்டியிருப்பேன்.

ஆனால் அடுத்த நாள் விட்டேன். வெயிலில் வாடி நிற்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? அது யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. காற்றைத்தான் மறித்தது.

இப்படியே வருசங்கள் போயின. இவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. வேலிக்கு அங்காலே அத்தான் இருமினால் இங்காலே இவர் வேலையை நிறுத்தி நிற்பார். இருமல் ஓய்ந்த பிறகுதான் மண்வெட்டி விழும். "போய் ஒருக்காக் கதையுங்கோவன்" என்றால், "அவர் கூப்பிடட்டும்" என்பார். அங்கே அக்காவும் இதையே சொல்லியிருப்பா, அத்தானும் இதையே சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நடுவில் நின்ற மூங்கிலுக்கு மட்டும் இரண்டு பக்கத்துக் கதையும் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கமும் அதன் கிழங்கு ஓடிப் போயிருந்தது. அங்கே வந்த குருத்தை அத்தான் கொத்திவிடுவார்.

போன வருசம் ஆவணியில் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். பெறாமகன் வவுனியாவிலிருந்து வந்து நின்றான். சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்களுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. அத்தானின் கட்டிலை வேலிப் பக்கத்து அறையில் யன்னலோடு போட்டிருந்தார்கள். மூங்கிலடியில் நின்றால் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

இவர் மூன்று நாலு நாளாய்ச் சரியாய்ச் சாப்பிடவில்லை. புரட்டாசி பிறந்து ஒரு காலை, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்சாரும், அண்ணை என்னட்டை வாழ்க்கையிலை ஒண்டே ஒண்டுதான் கேட்டவர்."

"என்ன?"

"உதை வெட்டச் சொன்னவர். இண்டைக்கு வெட்டப்போறன். முழுசாத் தறிச்சுப்போட்டு, பொட்டைத் திறந்துகொண்டு போய் நிப்பன். பிறகு என்னை அவர் போகச் சொல்லமாட்டார்."

அந்தப் பற்றைக்கு எத்தனை வருசம் தண்ணீர் விட்டிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புல்லுத்தானே, விடும்" என்றார். சரி, போகட்டும், இரண்டு பேரும் கதைத்தால் போதும் என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கத்தியைத் தீட்டிக் கொடுத்ததும் நான்தான்.

வெளிப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். மூங்கில் தறிக்கிற சத்தம் மற்ற மரம் தறிக்கிற மாதிரி இராது. வெறும் குழாய் என்பதால் ஒவ்வொரு கொத்துக்கும் அந்தக் குறிச்சி முழுவதும் கேட்கும். ஒன்று சாயும், அடுத்தது, அதற்கடுத்தது. இவருக்கு இளந்தாரிப் பலம் வந்துவிட்டது. நான் விழுந்த தடிகளை இழுத்து இழுத்து வாழைக்குள் அடுக்கினேன். நேரம் போகப் போக எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. மத்தியானத்துக்குள் பொட்டைத் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். மூங்கில் தறிக்கிற சத்தம் கேட்டால் ஒழுங்கையில் போகிற சனம் "ஆர் செத்தது?" என்று கேட்கும். அப்படியிருந்தும் அன்றைக்கு அது எங்கள் இரண்டு பேரின் மூளைக்கும் எட்டவில்லை.

வேலிக்கு அங்காலே கிடுகு விலகியது. அக்காவின் முகம் தெரிந்தது. நித்திரை இல்லாத முகம். சத்தம் போடவில்லை, அழவில்லை.

"உயிர் கிடக்கேக்கையே தடி வெட்டுறியளோ, தம்பி?" என்றா. "கொஞ்சம் பொறுங்கோ. கனநாள் பாத்திருக்க வேண்டிவராது."

இவர் ஓங்கிய கத்தியோடு அப்படியே நின்றார். பிறகு கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். தறித்த கட்டையிலேயே குந்திவிட்டார்.

"அக்கா, அப்பிடியில்லை, அக்கா" என்று நான் வேலிக்கு ஓடினேன். கிடுகு மூடிவிட்டது. ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு அவர்களுடைய படலைக்கு ஓடினேன். அங்கே பெறாமகன் நின்றான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவனைக் கிட்ட நின்று பார்க்கிறேன், தலையில் நரை வந்திருந்தது.

"சின்னம்மா, இப்ப உள்ளுக்கு வராதேங்கோ. அம்மா கொதிச்சுப்போய் நிக்கிறா."

"தம்பி, சித்தப்பா தடிக்கு வெட்டேல்லையடா. அப்பா சொன்னதுக்காகத்தான்…"

"எனக்கு இப்ப ஒண்டும் கேக்கேலாது, சின்னம்மா. போங்கோ" என்றான். படலையைச் சாத்தினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் விடியக்காலை அத்தானின் மூச்சு நின்றது. எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அக்காவின் குரலில் தெரிந்துகொண்டோம்.

கதைபேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாவுத் துடக்கு துடக்குத்தான். கூடப் பிறந்தவனுக்கு முப்பத்தொரு நாள். அதை எந்த வேலியும் மறிக்க முடியாது. இவர் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு, வேட்டியை உடுத்து, அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். செத்தவீட்டில் யாரையும் வாருங்கள் என்று சொல்வதில்லை. அதனால் அங்கே ஒருவரும் எங்களை வா என்று சொல்லாதது வழக்கமா, கோபமா என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது நானும் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவவின் கைகள் மடியிலேயே கிடந்தன. இவர் முற்றத்தில், பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றார். இவருக்குக் கதிரை போட யாரும் துணியவில்லை.

எங்கள் காணியில் அன்று தறித்த மூங்கில் கும்பலாகக் கிடந்தது. முற்றிய நல்ல தடிகள். படலை திறந்துதான் கிடந்தது. பாடை கட்டுகிற ஆட்கள் எங்கள் பக்கம் போவார்கள் என்று நான் செத்தவீட்டில் இருந்தபடியே ஒழுங்கையைப் பார்த்துப் பார்த்து இருந்தேன். ஊரில் எல்லோருக்கும் போனது, சொந்த அண்ணனுக்குப் போகாமல் விடுமா என்று நினைத்தேன். அப்போது தெருப்பக்கம் லான்மாஸ்டர் உழவு யந்திரத்தின் சத்தம் கேட்டது. அதன் இழுவைப் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு பச்சை மூங்கில். கரவெட்டிப் பக்கம் யாரோ வீட்டில் வாங்கி வந்தார்களாம். இவ்வளவு தூரம் போய். ஒழுங்கையில் திரும்பும்போது அதன் நுனி எங்கள் வேலியை உரசிக்கொண்டு போனது.

இவர் அதைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாடையைத் தூக்கியபோது தோள் கொடுக்கக் கிட்டப் போனார். முன்னாலே நின்றவர்கள் விலகவில்லை. பின்னாலே போய்ச் சுடலைவரை நடந்தார். வீட்டுக்கு வந்து முழுகிவிட்டுப் படுத்தவர் அடுத்த நாளும் எழும்பவில்லை. நான் அவரைத் திட்டவும் முடியாமல் தேற்றவும் முடியாமல் குசினிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கு அக்காவில் கோபம், ஊரில் கோபம், செத்துப்போன அத்தானில்கூடக் கோபம். மூங்கில் பற்றையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அரைவாசி தறித்து, அரைவாசி நின்று, மொட்டையும் சடையுமாய்க் கிடந்தது அது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, ஐப்பசி மழையும் தொடங்கிய பிறகு, ஒருநாள் பின்னேரம் வேலியடியில் கிடுகு விலகுகிற சத்தம் கேட்டது. இவர் கடைக்குப் போயிருந்தார். அக்கா வெள்ளைச் சேலையோடு நின்றா. ஒரு தட்டில் பலகாரம்.

"பிள்ளை, இதை வாங்கு" என்றா. வாங்கினேன். போகாமல் நின்றா. பிறகு சொன்னா:

"அண்டைக்குத் தறிச்ச சத்தம் அவருக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தவர். 'தம்பி எனக்குத் தடி வெட்டுறான் போலை' எண்டவர். நான் உடனை எழும்பி உங்களட்டை வந்தன். வந்து கேட்டிட்டுப் போய்ப் பாத்தால், அவர் சிரிக்கிறார், பிள்ளை. 'அவன் நல்ல முத்தினதாத்தான் பாத்து வெட்டுவான். அதிலையே என்னைக் கொண்டு போங்கோ' எண்டவர்."

நான் தட்டை வேலியடியில் வைத்தேன்.

"நான்தான் மகனட்டைச் சொல்லேல்லை" என்றா அக்கா. "எனக்கு அவ்வளவு கோபம். அவர் கேட்டது அது ஒண்டுதான். அதையும் நான் குடுக்கேல்லை."

மழைத் துமி விழத் தொடங்கியது. மறைத்து என்ன என்று நானும் சொன்னேன்.

"அக்கா, இவர் அண்டைக்குத் தடிக்கு வெட்டேல்லை. அத்தான் அழிக்கச் சொன்ன மூங்கிலை அழிச்சுப்போட்டு, உங்கடை வீட்டை வரவெண்டுதான் வெட்டினவர்."

அக்கா என் தோளுக்கு மேலாலே பார்த்தா. வாழைக்குள் நான் அடுக்கிய தடிகள் அப்படியே கிடந்தன. மஞ்சளாகிப்போய், ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

"ஒரு பாடைக்கு ரெண்டு தடி போதும்" என்றா மெதுவாக. "உவ்வளவையும் ஏன் வெட்டுறியள் எண்டு நான் கேக்கேல்லையே, பிள்ளை."

அங்கே நின்று அழுதா. இந்தத் தடவை என்னைக் கட்டிப்பிடிக்க அவவுக்குக் கை வந்தது, ஆனால் நடுவில் வேலி நின்றது. கதியாலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இரண்டு பேரும் அழுதோம்.

இவருக்குச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் எனக்குள்ளேயே அடித்துக்கொண்டேன். சொன்னால் தாங்குவாரோ என்று பயம். சொல்லாவிட்டால் அண்ணன் தன்னைச் சபித்துக்கொண்டு போனார் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் சொன்னேன். அவர் கேட்டார், தலையாட்டினார். "சிரிச்சவரோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம், சிரிச்சவராம்" என்றேன். பிறகு மழைக்குள் எழும்பிப் போய் மூங்கிலடியில் நின்றார். நான் குடை கொண்டுபோகவில்லை. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் குருத்து வந்தது. தறித்த பக்கத்தில் வந்தவை ஊசி மாதிரி மெலிந்தவை. வேலிக்கு அந்தப் பக்கம், அத்தானின் வளவுக்குள், கொழுத்த குருத்து இரண்டு வந்தது. இந்த முறை அதைக் கொத்துவதற்கு அங்கே யாரும் இல்லை. அக்கா அதைச் சுற்றிப் பனைமட்டை நட்டிருந்தா. பொட்டு இப்போது திறந்திருக்கிறது. பெறாமகன் லீவில் வந்தால் குசினிக்குள் வருகிறான், சாப்பிடுகிறான், ஆனால் பழைய மாதிரி வாய்விட்டுக் கதைப்பதில்லை. இவரும் அவனும் வாழைக்குள் நடந்து திரிவார்கள்.

போன கிழமை நானும் இவரும் பெறாமகனும் பொட்டடியில் நின்றோம். அந்த இரண்டு குருத்தும் இப்போது ஆளுயரத்துக்கு மேலே போய் இலை விரித்துவிட்டன. இவர் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தார், கணுவின் இடைவெளியைப் பார்த்தார், வளைவு இருக்கிறதா என்று கண்ணை ஒடுக்கிப் பார்த்தார். பிறகு பெறாமகனிடம் சொன்னார்:

"தம்பி, உதுகள் முத்த மூண்டு மாரி வேணும். ஆர் வந்து கேட்டாலும் உது ரெண்டையும் குடுக்காதே. அண்ணையின்ரை நிலத்திலை முளைச்சது. எனக்கு உதிலை கட்டு."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம், சித்தப்பா" என்றான்.

தன் பாடைக்கு இப்போதே தடி பார்த்து வைக்கிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அடுத்த நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் தண்ணீர் போகிற வாய்க்காலை அடைத்தேன். மழைக்காலம் முடிந்து இவ்வளவு நாளாகியும் அந்த இரண்டும் வாடவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன், இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.